திருகோணமலையில் படிப்பு, தங்க இடம் இல்லை: முதல் நாளிலிருந்து செய்யவேண்டியவை

கூட்டாளியின் விடுதிக் கட்டிலில் ஒதுங்கிப் படுத்து ஒரு மாதத்தை ஓட்டிவிடலாம். அதைத் தங்க இடம் என்று கணக்கெடுக்காதீர்கள். பெயர் பதியாமல் விடுதியில் தங்கிப் பிடிபட்டால் விசாரணை உங்களுக்கும் வரும், இடம் தந்த கூட்டாளிக்கும் வரும். அதற்குப் பிறகு உதவி கேட்டுப் போக வாயெழும்பாது. உறவினர் வீட்டு விறாந்தை, கோயில் மடம், பள்ளிவாசல், பஸ் நிலைய வாங்கு எல்லாம் இதே கணக்குத்தான். இருந்த இடம் போன அன்றைக்கே, தங்க இடமில்லை என்பதைப் படிக்கும் நிறுவனத்துக்கு எழுத்தில் கொடுத்துவிட வேண்டும்.

அரச அலுவலகங்கள் காலை 8.30 முதல் மாலை 4.15 வரைதான். ஆகவே காலையிலேயே போங்கள். பின்னேரம் போனால் 'நாளைக்கு வாங்கோ' என்பதுதான் பதில், ஆனால் இரவு இன்றைக்கே வந்துவிடும். கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாக மாணவர் என்றால் முதலில் மாணவர் நலன்புரிப் பிரிவு, அடுத்தது மாணவர் ஆலோசகர். இரண்டு பேருக்கும் ஒரே கடிதம்.

கடிதத்தில் பலர் விடும் பிழை, 'பொருளாதாரக் கஷ்டம் காரணமாக' என்று எழுதி நிறுத்துவது. மேசையில் இருக்கும் அத்தனை கடிதமும் அப்படித்தான் தொடங்கும். உங்களுடையது அவசரமென்று எப்படித் தெரியும்? இப்படி எழுதுங்கள்: 'கடந்த 3ஆம் திகதி முதல் எனக்குத் தங்க இடமில்லை. வாடகை கட்ட முடியாததால் போர்டிங்கை விட்டு வெளியேறினேன். இப்போது இருக்கும் இடத்தில் வெள்ளிக்கிழமை வரைதான் இருக்கலாம். இந்த அரையாண்டுப் பரீட்சை முடியும் வரை விடுதியில் தற்காலிக இடம் கேட்கிறேன்.' மேலே பதிவிலக்கம், பீடம், வருடம், தொலைபேசி இலக்கம். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். உங்கள் பிரதியில் 'கிடைத்தது' என்று திகதியோடு கையெழுத்தோ முத்திரையோ வாங்காமல் வெளியே வராதீர்கள். பின்னால் வகுப்பு வரவு குறைந்து பரீட்சை எழுத விடாத நிலை வந்தால், அந்தக் கடதாசிதான் உங்களுக்காகப் பேசும்.

அடுத்தது, உதவி கேட்கத் தேவையான வருமானச் சான்றிதழ். நிரந்தர முகவரி எந்த ஊரோ அந்த ஊர் ஜி.எஸ், அதாவது கிராம சேவையாளர்தான் தரவேண்டும். மூதூர், வெருகல் என்றால் ஒரு நாளில் போய்வரலாம். வவுனியா, மலையகம் என்றால் பஸ் காசைச் செலவழிக்க முன் ஜி.எஸ் ஒபிஸில் இருக்கும் நாளைப் போனில் கேளுங்கள். பிரதேச செயலகத்தின் மேலொப்பம் இல்லாவிட்டால் சான்றிதழ் திரும்பி வரும். ஐ.சியில் (தேசிய அடையாள அட்டையில்) உள்ள பெயரும் அதில் உள்ள பெயரும் ஓர் எழுத்துக்கூட மாறக்கூடாது.

காசு. மகாபொல என்ற அரச புலமைப்பரிசில் 2025 வரவு செலவுத் திட்டத்தில் மாதம் 7,500 ரூபாயாக உயர்ந்தது. அந்தக் கணக்கில் நாளுக்கு 250 ரூபா. மூன்று நேரச் சாப்பாட்டுக்கே அது பத்தாது. முதல் தவணை கையில் வரவும் மாதக்கணக்காகும். எனவே அதை நம்பி அறைக்கு அட்வான்ஸ் பேசாதீர்கள். விண்ணப்பித்த பிறகு தாய் தகப்பன் ஒருவர் இறந்தாலோ தொழில் போனாலோ, புதிய ஆவணங்களோடு மீள்பரிசீலனை கேளுங்கள். மகாபொல கிடைக்காதவர்களுக்கு உதவுதொகை தனியாக இருக்கிறது.

விடுதி கிடைக்காமல் போர்டிங் தேடினால், இந்த ஊரின் பருவத்தைப் படித்துவிட்டுத் தேடுங்கள். கடற்கரையோரமுள்ள உப்புவெளியிலும் நிலாவெளியிலும் மாரியில் அறை மலிவு. சித்திரை பிறந்து வெளிநாட்டார் வரத் தொடங்கினால் அதே அறை விருந்தினர் அறையாகிவிடும். மாணவரைப் பரீட்சைக் காலத்தில் அறையை விட்டு எழுப்பிவிடுவது இதனால்தான். கார்த்திகையில் எடுக்கும்போதே 'ஆவணி வரை' என்று மாதம் குறிப்பிட்டு எழுத்தில் வாங்குங்கள். முடியாதென்றால் கடற்கரையை விட்டு உள்ளே தள்ளிப் பாருங்கள். பஸ் காசு கூடும், ஆனால் நடுவில் எழுப்பமாட்டார்கள்.

அறையைப் பார்க்கும்போது சுவரின் கீழ்ப்பகுதியைப் பாருங்கள். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் மண்ணிறக் கோடு ஓடினால், மாரியில் வெள்ளம் அதுவரை வந்திருக்கிறது. புத்தகம், உடுப்பு எல்லாம் அதற்கு மேலே வைக்க இடமுண்டா? கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்துப் பாருங்கள். உப்பென்றால் குடிதண்ணீருக்குத் தனிக் காசு. தகரக் கூரை, கச்சான் வெப்பக்காற்று வீசும் காலத்தில் பகலில் இருக்கவிடாது. கரண்ட் பில் எத்தனை பேருக்குப் பிரிகிறது என்று கேளுங்கள். அட்வான்ஸுக்குப் பற்றுச்சீட்டு கட்டாயம்.

வீட்டில் அடி தாங்காமல் வெளியேறிய பிள்ளைக்கு ஜி.எஸ் வழி சரிவராது; அவர் நல்ல எண்ணத்தோடே வீட்டுக்குச் சொல்லிவிடக்கூடும். பெண்கள் 1938 என்ற பெண்கள் உதவித் தொலைபேசிக்கும், 18 வயதுக்குக் கீழ் என்றால் 1929 என்ற சிறுவர் உதவித் தொலைபேசிக்கும் எடுக்கலாம். பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரும் இருக்கிறார். ராகிங்கால் விடுதியை விட்டு ஓடியிருந்தால், அந்த ராகிங் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். பொலிஸிலும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிலும் முறையிடலாம். கடிதத்தில் அந்தக் காரணத்தை மறைக்காமல் எழுதுங்கள், வேறு விடுதி கேட்கும் நியாயம் அதில்தான் இருக்கிறது. மனம் உடைந்து நித்திரையில்லாமல் போனால் 1926 என்ற மனநல உதவித் தொலைபேசிக்கு எடுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை.

தொழில்நுட்பக் கல்லூரி, உயர் தொழில்நுட்பவியல் நிறுவன மாணவர்கள் அதிபரிடமோ பணிப்பாளரிடமோ கொடுக்கும் கடிதத்தின் பிரதியோடு பிரதேச செயலகத்தின் சமூக சேவைகள் உத்தியோகத்தரை நேரே சந்தியுங்கள்.

ஐ.சி, மாணவர் அட்டை, பிறப்புச் சான்றிதழ், பெறுபேறுகள் எல்லாவற்றையும் பொலித்தீன் பையில் போட்டு எப்போதும் உங்களோடு வைத்திருங்கள். போட்டோ எடுத்து மின்னஞ்சலிலும் போட்டுவையுங்கள். ஐ.சி தொலைந்தால் முதலில் பொலிஸ் முறைப்பாடு, பிறகு ஜி.எஸ்.

தற்காலிக இடம் கிடைத்தால் அது முடியும் திகதியை எழுதி வாங்கி, அதற்கு இரண்டு கிழமை முன்னரே அடுத்த கடிதத்தைக் கொடுங்கள்.