ட்ரான்ஸ்ஃபோமரில் தாவர எண்ணெய் நிரப்பும் முறை

ட்ரான்ஸ்ஃபோமரிலுள்ள கனிம எண்ணெயை (பெற்றோலியத்திலிருந்து எடுப்பதை) வடித்துவிட்டுத் தாவர எண்ணெய் நிரப்பலாம். திருகோணமலைக் கரையோரத்தில் நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் சொந்த ட்ரான்ஸ்ஃபோமர் வைத்திருக்கும் விடுதிகளுக்கும் ஐஸ் ஆலைகளுக்கும் இந்த மாற்றம் நன்கு பொருந்தும். கனிம எண்ணெய் ஏறத்தாழ 170 பாகை செல்சியஸில் பற்றி எரியும். சோயா, கனோலா வித்தில் செய்த தாவர எண்ணெய், அதாவது எஸ்டர், 300 பாகையிலும் பற்றாது. கசிந்தாலும் மணலில் மட்கிவிடும். கிணற்றுத் தண்ணீரை நம்பி வாழும் கரையோரத்துக்கு இது சின்ன விஷயமல்ல.

சமையல் எண்ணெய் உதவாது; ட்ரான்ஸ்ஃபோமருக்கான புதிய எஸ்டருக்குரிய சர்வதேசத் தரமான ஐஇசி 62770க்கு அமைந்ததையே வாங்குங்கள். தேங்காயெண்ணெயை மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்திருக்கிறார்கள். அது எளிதில் கெடாது, ஆனால் 24 பாகைக்குக் கீழே உறையத் தொடங்கும். மார்கழி இரவில் திருகோணமலையிலேயே அந்தக் குளிர் வரும், நுவரெலியாவைச் சொல்லவே வேண்டாம்.

தாங்கியைத் திறக்க, தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் காலமே நல்லது. காற்று உலர்ந்திருக்கும், மணல் பறக்குமென்பதால் சுற்றித் தார்ப்பாய் கட்டுங்கள். வாடை மழையில் திறக்கவே வேண்டாம்.

இருபக்க மின்னையும் துண்டித்து, மின் இல்லையெனச் சோதித்து, புவித்தொடுப்புக் கொடுத்த பிறகே கை வையுங்கள். பழைய எண்ணெயில் பிசிபி என்ற நச்சு இரசாயனம் இருக்கிறதா என்று முதலில் ஆய்வுகூடத்தில் பாருங்கள். 50 பிபிஎம் (பத்து இலட்சத்தில் 50 பங்கு) எட்டினால் வேலையை நிறுத்திவிடுங்கள். அது ஆபத்தான கழிவு, தனியாகவே அகற்ற வேண்டும்.

எண்ணெயை வடித்து, சொட்டு நிற்கும்வரை சில மணித்தியாலம் விடுங்கள். பிறகு மொத்தக் கொள்ளளவில் 5 முதல் 10 வீதம் எஸ்டரை 60 பாகைக்குச் சூடாக்கிக் கழுவி, அதையும் வெளியேற்றுங்கள். 400 லீற்றர் தாங்கிக்கு இது 20 முதல் 40 லீற்றர். இதில் கஞ்சத்தனம் கூடாது: மிச்சக் கனிம எண்ணெய் 7 வீதத்தைத் தாண்டினால் 300 பாகைப் பாதுகாப்புப் போய்விடும். மூடி இணைப்புகளில் கசிவைத் தடுக்கும் கஸ்கெட்டுகள் இறுகிப்போயிருந்தால் அவற்றையும் இப்போதே மாற்றுங்கள்.

கழுவிய பின் உள்ளிருக்கும் கம்பிச் சுருளைச் சூடான காற்றில் உலர்த்தாதீர்கள். எஸ்டர் மெல்லிய படலமாகக் காற்றில் பட்டால் பிசுபிசுத்து, வார்னிஷ் போல இறுகும். துடைத்த துணியை வெயிலில் போட்டு, சில நாள் கழித்துத் தொட்டுப் பாருங்கள், விரலில் ஒட்டும். தாங்கிக்குள் போகும் காற்றை உலர்த்தும் சிலிக்கா ஜெல் போத்தல் ஈரத்தைத்தான் பிடிக்கும், ஒட்சிசனைத் தடுக்காது. ஆகவே காற்றுப் புகும் தாங்கியில் இதை நிரப்பாதீர்கள். மூடிய தாங்கி, அல்லது காற்று படாதபடி உள்ளே றப்பர் பை வைத்த கொன்சர்வேற்றர் (தாங்கிக்கு மேலுள்ள சிறு எண்ணெய்த் தொட்டி) வேண்டும்.

வெற்றிடத்தில், வடிகட்டி வழியாக, கீழ்வாயிலிருந்து மெதுவாக நிரப்புங்கள். 40 பாகையில் இது கனிம எண்ணெயைவிட மூன்று மடங்கு தடிப்பு. குமிழிகள் லேசில் வெளியேறா, சுருளைச் சுற்றிய காப்புத் தாளுக்குள்ளும் மெதுவாகவே ஊறும். மின் கொடுக்குமுன் 24 மணித்தியாலமாவது விடுங்கள்.

எண்ணெய் எவ்வளவு மின்னழுத்தம் வரை தாங்கும் என்று பார்க்கும் உடைவழுத்தச் சோதனையை 2.5 மில்லிமீற்றர் இடைவெளியில் செய்யுங்கள். கோப்பையில் ஊற்றியதும் 15 நிமிடம் பொறுங்கள். குமிழியோடு அளந்தால் நல்ல எண்ணெயும் தோற்கும். ஈரப்பத அளவில்தான் பலர் தடுமாறுவர். அறை வெப்பத்தில் கனிம எண்ணெய் 50 பிபிஎம் சுற்றியே நிரம்பிவிடும். எஸ்டர் ஏறத்தாழ 1000 வரை தாங்கும். 100 பிபிஎம் என்று அறிக்கை வந்தால் பதற வேண்டாம். எண்ணெயிலுள்ள அமிலத்தைக் காட்டும் அமில எண்ணும் அப்படித்தான்: எஸ்டர் தாளின் ஈரத்தை இழுத்து, அதோடு வினைபுரிந்து கொழுப்பமிலமாவதால் எண் ஏறும். கனிம எண்ணெய் வரம்பை வைத்து அதைக் கொட்டிவிடாதீர்கள். பாவனையிலுள்ள எஸ்டருக்கான ஐஇசி 62975 வரம்போடு ஒப்பிடுங்கள்.