இன்டேக் மேனிபோல்டு போர்ட்டிங்: வீட்டில் செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காற்றை எஞ்சின் சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொண்டுபோகும் குழாய்த் தொகுதிதான் இன்டேக் மேனிபோல்டு. அதன் துளைகளை உள்ளே தேய்த்துச் சீராக்குவது போர்ட்டிங். அலுமினிய வார்ப்பு மேனிபோல்டு என்றால் மட்டுமே கிரைண்டரை எடுங்கள். பிளாஸ்டிக் மேனிபோல்டு சுவர் மெல்லியது. அதில் கை வைக்க வேண்டாம்.

துளையைப் பெரிதாக்கினால் பவர் கூடும் என்று நினைப்பதுதான் முதல் தவறு. துளை அகலமானால் குறைந்த ஆர்பிஎம்மில் காற்றின் வேகம் விழும். மற்றதெல்லாம் கம்பெனி நிலையிலேயே இருக்கும் வண்டி, டவுன் ஓட்டத்தில் இழுவை இல்லாமல் திணறும். வார்ப்புப் பிசிறையும், மேனிபோல்டு ஹெட்டோடு (சிலிண்டர்களின் மேல் மூடும் பாகம்) சேரும் இடத்தில் வாய்கள் பொருந்தாமல் துருத்தும் படியையும் எடுத்தாலே போதும்.

அந்தப் படியில்தான் பலர் வேலையைக் கெடுக்கிறார்கள். கேஸ்கெட்டைக் (இரண்டுக்கும் நடுவே வைக்கும் கசிவுத் தடுப்புத் தகடு) கையால் வைத்துக் கோடு கீறிவிட்டு, கோடு வரை தேய்க்கிறார்கள். கேஸ்கெட்டின் போல்ட் துளைகளில் ஆட்டம் உண்டு, கோடு ஒரு மில்லிமீட்டர் தள்ளிப் போய்விடும். கேஸ்கெட்டின் வாய் ஹெட்டின் வாயைவிடப் பெரிதாக இருப்பதும் சகஜம். அதை நம்பித் தேய்த்தால் மேனிபோல்டின் வாய் பெரிதாகி, வரும் காற்று நேராக ஹெட்டின் விளிம்பில் முட்டும். ஆகவே முதலில் கேஸ்கெட்டை ஹெட்டின் ஸ்டட்களில் (ஹெட்டில் நீட்டி நிற்கும் மரைக் கம்பிகள்) மாட்டி, ஹெட்டின் வாய் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். மேனிபோல்டின் வாய் அதைவிட அரை மில்லிமீட்டர் சிறிதாக இருந்தால் பாதகமில்லை. பெரிதாக இருக்கவே கூடாது. வாயை மட்டும் அகலமாக்கி நிறுத்தாமல், 20 முதல் 25 மி.மீ. உள்ளே வரை சரிவாகக் கொண்டுபோய்ப் பழைய சுவரோடு சேருங்கள்.

சுவர் கனத்தை அளக்காமல் தேய்க்காதீர்கள். பல கார்புரேட்டர் மேனிபோல்டுகளில் சுவருக்கு அந்தப் பக்கம் கூலன்ட் ஓடும். ஓட்டை விழுந்தால் தண்ணீர் சிலிண்டருக்குள் போகும். பெட்ரோல் பீச்சும் இன்ஜெக்டர் உட்காரும் இடத்தையும் தொடாதீர்கள், கசிவு தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் பிடிக்காது.

இரும்புக்கான நெருக்கமான பல் பர்ரில் (கிரைண்டரில் மாட்டும் சுழல் வெட்டுமுனை) அலுமினியம் அடைத்துக்கொள்ளும். அகலப் பல் பர் வாங்கி, அடிக்கடி மண்ணெண்ணெய் தொட்டு வேலை செய்யுங்கள். நீளத் தண்டு பர்ரை வெளியே முழு வேகத்தில் சுற்றவிட்டால் தண்டு வளைந்து வீசும். துளைக்குள் வைத்த பிறகே, குறைந்த வேகத்தில் ஓட்டுங்கள். கண்ணாடியும் மாஸ்க்கும் கட்டாயம்.

கண்ணாடி போலப் பளபளக்கும் பாலிஷ், பெட்ரோல் கலந்து போகும் மேனிபோல்டுக்குத் தேவையில்லை. வழுவழு சுவரில் பெட்ரோல் படலமாக ஒட்டி வழியும். 80 கிரிட் உப்புத்தாள் விடும் சொரசொரப்பு அதைக் கொஞ்சம் உடைத்துக் காற்றோடு சேர்க்கும்.

கேஸ்கெட் உட்காரும் முகத்தில் இரண்டு அடுக்கு டேப் ஒட்டிவிட்டுத் தொடங்குங்கள். ஒரே ஒரு ஆழமான கீறல் விழுந்தாலும் அது வழியே காற்று கசிந்து ஐடிலிங் ஏறி இறங்கும்.

மேனிபோல்டு எஞ்சினில் இருக்கும்போது ஒருபோதும் தேய்க்காதீர்கள். துகள் உள்ளே விழும், அலுமினியத் துகளைக் காந்தம் பிடிக்காது. கழற்றி, வெந்நீரும் சோப்பும் விட்டு பாட்டில் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, ஏர் அடித்து, ஒவ்வொரு துளையிலும் வெள்ளைத் துணியை இழுத்துப் பாருங்கள். துணியில் மினுமினுப்பு தெரிந்தால் மறுபடி கழுவுங்கள். மாட்டும்போது புது கேஸ்கெட் போட்டு, நடு போல்டிலிருந்து வெளிப்பக்கமாக, சர்வீஸ் மேனுவலில் உள்ள டார்க்குக்கு (இறுக்கும் விசை அளவு) இரண்டு மூன்று சுற்றாக இறுக்குங்கள்.