பல்லில் தெரிவது குரக்கனா, கடல்மீனா?

பழங்கால மக்கள் என்ன உண்டார்கள் என்று அறிய இலங்கை அகழ்வுகளில் சமதானி (ஒரே மூலகத்தின் எடை வேறுபட்ட அணுக்கள்) ஆய்வு செய்வோர் முதலில் சறுக்குவது எலும்பில். நமது ஈரமும் வெப்பமும் எலும்பின் புரதமான கொலாஜனை விட்டுவைப்பதில்லை. கிடைத்தாலும், காபனுக்கும் நைதரசனுக்குமான அணு விகிதம் 2.9–3.6 எல்லைக்குள் இல்லாவிட்டால் அந்தப் பெறுபேற்றைத் தூக்கிப் போட வேண்டியதுதான். "கொஞ்சம்தானே கூட" என்று 3.8ஐச் சேர்த்துக்கொள்ளக் கூடாது. அதனால்தான் பல்லை நாடுகிறோம்: பாஹியன்கல, பட்டதொம்பலென குகைவாசிகள் மழைக்காட்டை நம்பி வாழ்ந்ததை 2015இல் காட்டியது பல் மிளிரிதான் (பல்லின் கடினமான வெளிப்படை).

மிளிரித் தூளைச் சுத்தம் செய்யும்போது அமிலத்தில் மறந்து விட்டுவிடாதீர்கள். வழக்கமான ஒரு முறையில் 1% சோடியம் ஐப்போகுளோரைற்றில் 60 நிமிடம், நன்றாகக் கழுவியபின் 0.1 மோலர் அசற்றிக்கமிலத்தில் 10 நிமிடம். நேரம் நீண்டால் மண்ணிலிருந்து ஏறிய காபனேற்றோடு பல்லின் சொந்தக் காபனேற்றும் கரையும். மனிதப் பல்லுக்கு ஒரு முறை, விலங்குப் பல்லுக்கு இன்னொன்று என்றால் ஒப்பீடே கெட்டுவிடும். முதலாம் கடைவாய்ப்பல்லில் தாய்ப்பால் காலம் பதிந்திருக்கும். ஒருவரின் முதலாம் கடைவாய்ப்பல்லை இன்னொருவரின் மூன்றாம் கடைவாய்ப்பல்லோடு ஒப்பிட்டு உணவு வேறுபாடு என்று எழுதிவிடுகிறார்கள்.

பெரிய குழப்பம் விளக்கத்தில். நெல் போன்ற தாவரங்களின் காபன்-13 (பாரமான காபன் சமதானி) பெறுமானம் ஏறத்தாழ ஆயிரத்துக்கு −27 (−27‰), குரக்கனுடையது −12‰ அளவில். ஆகவே மனிதப் பெறுமானம் உயர்ந்தவுடன் "குரக்கன் சாப்பிட்டார்கள்" என்று முடிவு கட்டுகிறார்கள். மாந்தை போன்ற கரையோர இடமென்றால் சோறும் கடல்மீனும் சேர்ந்தே அதே இலக்கத்தைத் தரலாம். வெப்பவலயப் புல் பலவும் காபன்-13 பெறுமானத்தில் குரக்கனைப் போன்றதால், அதை மேய்ந்த மாட்டின் பாலும் தயிரும்கூடத் தரலாம். மீனைப் பிரித்துக்காட்டக்கூடிய நைதரசன் மிளிரியில் வழக்கமான முறைகளால் அளக்கும் அளவுக்கு இல்லை. அதே மண்படையில் கிடைத்த மாடு, மான், மீன் முள், கருகிய தானியம் ஆகியவற்றைப் பார்க்காமல் முடிவு எழுதுவது ஊகந்தான். உணவின் பெறுமானத்துக்கும் உடலின் பெறுமானத்துக்கும் இடையே கொலாஜனுக்குரிய 5‰ இடைவெளியை மிளிரிக்குப் போடுவதும் அடிக்கடி நடக்கிறது. மிளிரிக்கு அது 12–14‰ வரை போகும்.

புறக்கோட்டையில் வாங்கிய குரக்கனை அளந்து பழைய பல்லோடு நேரே ஒப்பிட முடியாது. நிலக்கரியும் எண்ணெயும் எரித்ததால் வளியிலுள்ள காபனீரொட்சைட்டின் காபன்-13 பெறுமானம் ஏறத்தாழ 2‰ இறங்கியிருக்கிறது, அதைத் திருத்திக்கொள்ளுங்கள். இன்றைய தானியத்தின் நைதரசனையோ உரம் மாற்றிவிடும்.

நூதனசாலைப் பல் என்றால் பசை, வார்னிஷ் பூசியிருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். அவற்றிலும் காபன் உண்டு. துளைக்குமுன் படமெடுத்து, அளந்து, அச்சும் எடுத்துவிடுங்கள். மாதிரியை வெளிநாட்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்புவதானால் தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதி கைக்கு வந்தபின் துளைக்கத் தொடங்கினால் போதும்.