பழைய அமெரிக்க மரவீட்டில் அட்டிக் தீ: எதைப் பழக வேண்டும்

1930-க்கு முன் அமெரிக்காவில் கட்டிய மரவீடுகள் பலவற்றில் சுவருக்குள் நிற்கும் கட்டைகள் அடித்தளத்திலிருந்து கூரைவரை ஒரே நீளமாக ஓடும், மாடிக்கு மாடி தீயைத் தடுக்கும் குறுக்குக் கட்டை இருக்காது, அதனால் அட்டிக்கில், அதாவது கூரைக்குக் கீழே உள்ள வெளியில், புகை வந்தால் உடனே ஒருவர் வீட்டின் நிலவறையையும் பார்க்க வேண்டும், தீ அங்கிருந்து சுவர் வழியே ஏறியிருக்கலாம். தீயணைப்புப் பயிற்சியிலேயே இதைப் பழக்கமாக்கிவிடுங்கள்.

அப்புறம் குட்டைச் சுவர். மேல்மாடி அறையில் கூரை சரியும் ஓரத்தில் இடுப்பளவு நிற்கும் அந்தச் சுவருக்குப் பின்னால் தீ ஓடிக்கொண்டிருக்கும், அறையிலோ புகை கொஞ்சமாகத்தான் தெரியும். தண்ணீர் ஏறிய குழாய் கைக்கு வராமல் அந்தச் சுவரை உடைக்கவே கூடாது. காற்று உள்ளே போனதும் அறையே சட்டென்று பற்றிக்கொள்ளலாம்.

முடிந்தால் முதல் தண்ணீரை வெளியிலிருந்தே அடியுங்கள். கூரை விளிம்பின் அடிப்பலகையைப் பிய்த்து, கூரைப் பலகையின் உட்புறம் நனையும்படி மேல்நோக்கிப் பீய்ச்ச வேண்டும். பாதுகாப்புச் சோதனைகள் நடத்தும் அமெரிக்காவின் யூஎல் அமைப்பு செய்த சோதனைகளிலும் இந்த முறை நன்றாக வேலை செய்தது. கூரையில் துளை போடுவது அதற்குப் பிறகுதான்.

உள்ளே போனால் வாசலருகே நின்று, கொக்கிக் கம்பால் உட்கூரையில் முதலில் சிறு துளை மட்டும் போட்டுப் பாருங்கள். சூட்டைப் படமாகக் காட்டும் தெர்மல் கேமராவை மட்டும் நம்ப வேண்டாம், பழைய கனமான சுண்ணாம்புப் பூச்சு மேலே இருக்கும் சூட்டை மறைத்துவிடும்.