பிக்கப் ரேடியேட்டரை வீட்டிலேயே மாற்றுவது

இந்த வேலையில் கழற்றுவதும் மாட்டுவதும் பாதிதான். மீதிப் பாதி, புது கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) ஊற்றியபின் உள்ளே சிக்கிய காற்றை வெளியே எடுப்பது. அதில் அவசரப்பட்டால் புது ரேடியேட்டர் போட்டும் இன்ஜின் சூடாகும். என் வண்டி பழைய பிக்கப்: இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் பெரிய ஃபேன், ஆட்டோமேட்டிக் கியர். அதை வைத்தே சொல்கிறேன். எலக்ட்ரிக் ஃபேனும் சாதா கியரும் உள்ள வண்டி என்றால் உங்களுக்கு வேலை இன்னும் குறைவு.

வாங்குவதற்கு முன், ஒழுகுவது ரேடியேட்டர்தானா என்று பாருங்கள். வாட்டர் பம்ப்பில் ஒழுகினாலும் ஃபேன் அதை வாரி எங்கும் தெளித்துவிடும். இப்போதைய ரேடியேட்டர்களில் நடுப்பகுதி அலுமினியம், இரு முனைத் தொட்டிகளும் பிளாஸ்டிக். இரண்டும் சேரும் மடிப்பில் காய்ந்த கறை படிந்திருந்தால் அதுதான் குற்றவாளி. ஆட்டோமேட்டிக் கியர் வண்டியில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். பல வண்டிகளில் கியர் ஆயிலும் ரேடியேட்டருக்குள் போய்த்தான் குளிர்ந்து வரும். இன்ஜின் ஆறியபின் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் உள்ளே பால் கலந்த மாதிரி இளஞ்சிவப்பாக இருந்தால், வண்டியை ஓட்டவே வேண்டாம். கூலன்ட் கியர்பாக்ஸுக்குள்ளும் போயிருக்கலாம்; அது மெக்கானிக் பார்க்க வேண்டிய வேலை. ஒழுகலை அடைக்கும் பொடி, திரவம் எல்லாம் விற்கிறார்கள். எனக்கு அவற்றில் நம்பிக்கை இல்லை. ஓட்டையை அடைப்பது வண்டிக்குள் சூடான காற்று தரும் ஹீட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கலாம்.

இன்ஜின் முழுதாக ஆறியிருக்க வேண்டும். ராத்திரி நிறுத்திவிட்டுக் காலையில் தொடங்குவது நல்லது. மூடி பிடித்து வைத்திருக்கும் அழுத்தத்தால்தான் உள்ளே இருக்கும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. சூட்டோடு திறந்தால் அந்த நொடியே கொதித்து முகத்தில் அடிக்கும். அப்புறம் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுங்கள்.

அடியில் அகலமான தட்டை வைத்து, ரேடியேட்டரின் கீழ்மூலையில் உள்ள வடிகால் திருகைத் திறங்கள். அது பெரும்பாலும் பிளாஸ்டிக். கையால் மெதுவாகத் திருப்பினால் போதும். திருகே இல்லாவிட்டால் கீழ் ஹோஸைக் கழற்ற வேண்டியதுதான். கூலன்டில் உள்ள எத்திலீன் கிளைகால் என்ற ரசாயனம் இனிப்பாக இருக்கும், ஆனால் கொடிய விஷம். நாயோ பூனையோ நக்கினால் செத்துப்போகும். வடித்ததை உடனே கேனில் ஊற்றி மூடுங்கள், சாக்கடையில் கொட்டாதீர்கள்.

ஃபேனைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கூட்டின் போல்ட்களைக் கழற்றி, கூட்டை இன்ஜின் பக்கம் தள்ளுங்கள். பல வண்டிகளில் இதுவே போதும், ஃபேனைத் தொடவே வேண்டாம். கழற்றியே ஆக வேண்டும் என்றால், அந்தப் பெரிய நட் எந்தப் பக்கம் திரும்பும் என்பதை மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள். வண்டிக்கு வண்டி மாறும்.

பழைய ஹோஸ் ஒட்டிப்போய் வராது. பிடித்து முறுக்குங்கள், ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பாதீர்கள். ஹோஸையும் மாற்றப் போகிறீர்கள் என்றால் கத்தியால் நீளவாக்கில் கீறி உரித்துவிடலாம். பழைய ஹோஸை மறுபடி மாட்டுவது சிக்கனமே இல்லை என்பேன். மூடியும் புதிதாகவே இருக்கட்டும்.

கியர் ஆயில் குழாய்கள் இரண்டுதான் பொறுமையைச் சோதிக்கும். முந்தின இரவே துரு இளக்கும் ஆயிலை அடித்து வையுங்கள். ஒரு ஸ்பேனரால் ரேடியேட்டர் பக்கத்து நட்டைப் பிடித்துக்கொண்டு, இன்னொன்றால் குழாயின் நட்டைத் திருப்புங்கள். ஒன்றை மட்டும் வைத்துத் திருப்பினால் குழாய் முறுக்கிக்கொள்ளும். கொஞ்சம் ஆயில் சிந்தும், முனைகளை அடைத்து வையுங்கள். முன்னால் நிற்கும் ஏசி கண்டென்சரின் (ஏசி வாயுவைக் குளிர்விக்கும் பகுதி) குழாய்களை மட்டும் தொடாதீர்கள், உள்ளே அழுத்தத்தில் வாயு இருக்கிறது. அது ரேடியேட்டரோடு போல்ட் போட்டிருந்தால், பிரித்துக் கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள்.

வெளியே எடுத்த பழையதையும் புதியதையும் அருகருகே வைத்து எல்லா வாயும் ஒன்றுபோல் இருக்கிறதா என்று பாருங்கள். அடியில் உட்காரும் ரப்பர்களை மறக்காமல் மாற்றிப் போடுங்கள். உள்ளே இறக்கும்போது ஃபேன் பக்கம் ஓர் அட்டையைச் செருகினால் மெல்லிய தகடுகள் நசுங்காது. ரேடியேட்டரை இறுக்கும் முன்பே, அது ஆடும் நிலையில் இருக்கும்போதே, கியர் ஆயில் குழாய்களின் மரையைக் கையால் ஏற்றிவிடுங்கள். இறுக்கியபின் மரை நேராகச் சேராது, ஸ்பேனரால் வலுக்கட்டாயமாக ஏற்றினால் அழிந்துவிடும்.

கூலன்டின் நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள், நிறத்துக்கு பொதுவான விதி கிடையாது. மேனுவலில் உள்ள வகையைத்தான் பார்க்க வேண்டும். கூலன்ட் பாதி, காய்ச்சி வடித்த தண்ணீர் பாதி. வெறும் தண்ணீரால் இன்ஜினைக் கழுவியிருந்தால் அதில் கணிசமான அளவு இன்ஜின் பிளாக்கிலேயே தங்கியிருக்கும். அப்போது மொத்தக் கொள்ளளவில் பாதிக்கு கலக்காத கூலன்டை முதலில் ஊற்றுங்கள்.

இனி காற்று. வண்டியின் முன்பக்கம் சற்று மேடாக இருக்கட்டும். திறந்த வெளியில் நிறுத்துங்கள். பேட்டரி ஒயரை மாட்டி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மூடி திறந்தபடியே ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜினை ஐடிலில் ஓடவிடுங்கள். (ரேடியேட்டரில் மூடியே இல்லாமல் தனித் தொட்டி உள்ள வண்டிகளில், காற்று விடும் திருகு எங்கே என்று மேனுவல் சொல்லும்.) இன்ஜின் சூடானதும் ரேடியேட்டருக்குக் கூலன்டைத் திறந்துவிடும் வால்வான தெர்மோஸ்டாட் பெரும்பாலும் 82 முதல் 95 டிகிரிக்குள் திறக்கும். அப்போது மட்டம் சட்டென்று இறங்கும், மேல் ஹோஸ் சூடாகும், குமிழிகள் வரும். இறங்க இறங்க ஊற்றுங்கள். குமிழி நின்று ஹீட்டரில் நல்ல சூடான காற்று வந்தால்தான் மூடியைப் போட வேண்டும். டாஷ்போர்டு முள்ளை மட்டும் நம்பாதீர்கள். சென்சார் இருக்கும் இடத்தில் காற்று சிக்கியிருந்தால் அது தவறாகக் காட்டும்.

கியர் ஆயிலில் சிந்திய அளவை மேனுவலில் சொன்னபடி சரிபார்த்து ஊற்றுங்கள். கொஞ்ச தூரம் ஓட்டி வந்து, ராத்திரி ஆறவிட்டு, மறுநாள் காலை மூடியைத் திறந்தால் மட்டம் கொஞ்சம் இறங்கியிருக்கலாம். அதை நிரப்புங்கள். அடுத்த நாளும் இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது. கீழ் ஹோஸின் கிளாம்பிலிருந்து தேட ஆரம்பியுங்கள்.