சிடி டிரைவர் காணோம் என்று விண்டோஸ் 7 சொன்னால் நம்பாதீர்கள்

போன வாரம் இரவு பதினோரு மணிக்கு ஒரு தம்பி கூப்பிட்டான். "அண்ணா, என் லேப்டாப்புக்கு சிடி டிரைவர் எங்க கிடைக்கும்?" டிரைவர் என்பது ஒரு கருவியோடு பேச விண்டோஸுக்கு உதவும் சிறு மென்பொருள். ஆனால் அவன் லேப்டாப்பில் சிடி போடும் இடமே கிடையாது. கேட்டவுடனே புரிந்துவிட்டது. பென்டிரைவ் வழியாக விண்டோஸ் 7 போட உட்கார்ந்திருக்கிறான், பல வருடங்களுக்கு முன்னால் நான் விழுந்த அதே குழியில் விழுந்திருக்கிறான்.

2020 ஜனவரி 14-ஓடு மைக்ரோசாஃப்ட் கைகழுவிய 7-ஐ இன்னும் யார் போடுகிறார்கள் என்று கேட்கலாம். பழைய ஸ்கேனர், பழைய அளவுக் கருவி என்று ஏதோ ஒன்றின் மென்பொருள் 7-ஐத் தாண்டி வர மாட்டேன் என்று அடம்பிடிக்கும். அப்போது வேறு வழியில்லை. ஐஎஸ்ஓ கோப்பை (இன்ஸ்டால் டிஸ்க்கின் முழு நகல்) அப்படியே பென்டிரைவில் காப்பி செய்வது, எதிலிருந்து கம்ப்யூட்டர் தொடங்க (பூட் ஆக) வேண்டும் என்று கேட்கும் பூட் மெனுவுக்கே போகாமல் "ஓடலையே" என்பது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். அவை ஒரு முறை செய்தால் மறுமுறை வராத தவறுகள்.

சிடி டிரைவரைத் தேடிக் கிளம்புவது

எல்லாம் நன்றாகத்தான் ஆரம்பிக்கும். பென்டிரைவிலிருந்து பூட் ஆகும், கோப்புகளை ஏற்றும் வெள்ளைப் பட்டை ஓடும், மொழி கேட்கும். "இன்ஸ்டால் நவ்" அழுத்தியதும் ஒரு பெட்டி வரும்: தேவையான சிடி அல்லது டிவிடி டிரைவர் காணவில்லை, பிளாப்பியோ சிடியோ டிவிடியோ பென்டிரைவோ இருந்தால் செருகு.

நான் அதை அப்படியே நம்பினேன். முதலில் ஐஎஸ்ஓ-வை மறுபடி இறக்கினேன். அப்புறம் வேறொரு மென்பொருளில் பென்டிரைவைத் தயார் செய்தேன். அப்புறம் "எல்லா டிரைவரும் ஒரே கோப்பில்" என்று கிடைத்த ஒன்றை இன்னொரு பென்டிரைவில் போட்டு "பிரவுஸ்" அழுத்தினேன். அந்தப் பென்டிரைவே பட்டியலில் வரவில்லை. அங்கேயாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. யூஎஸ்பி-யில் மாட்டும் டிவிடி டிரைவ் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கி, டிஸ்க் எழுதி, அதிலிருந்து பூட் செய்தேன். பட்டை ஓடியது, மொழி கேட்டது, இன்ஸ்டால் நவ்... அதே பெட்டி. டிவிடியே உள்ளே சுற்றிக்கொண்டிருக்க, டிவிடி டிரைவர் இல்லை என்கிறது! இன்று நினைத்தாலும் எரிச்சல் வருகிறது.

நடப்பது இதுதான். ஆரம்பத்தில் பென்டிரைவைப் படிப்பது விண்டோஸ் இல்லை, லேப்டாப்பின் போர்டிலேயே இருக்கும் தொடக்க மென்பொருளான பயாஸ். அது இன்ஸ்டால் நிரலைக் கொண்ட பூட்.விம் என்ற கோப்பை முழுதாக நினைவகத்தில் ஏற்றிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அதற்குப் பிறகு விண்டோஸ் தன் சொந்த டிரைவரை வைத்துத்தான் யூஎஸ்பி-யைப் பார்க்க வேண்டும். 7 வெளிவந்தது 2009-இல். அதில் யூஎஸ்பி 2.0-க்கு டிரைவர் உண்டு, 3.0-க்குக் கிடையாது. விண்டோஸ் 8-இல்தான் அது உள்ளேயே வந்தது. ஆகவே பாதி வழியில் பென்டிரைவ் அதன் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது. மீதிக் கோப்புகளைத் தேடுகிறது, காணோம். டிஸ்க் காலத்தில் எழுதிய செய்தி என்பதால் பழியைச் சிடி மேல் போடுகிறது.

அந்தப் பெட்டி வந்தால் எதையும் இறக்காதீர்கள். ஷிப்ட்டையும் எஃப்10-ஐயும் சேர்த்து அழுத்தினால் கறுப்புத் திரை வரும். "டிஸ்க்பார்ட்" (diskpart), பிறகு "லிஸ்ட் வால்யூம்" (list volume) என்று அடியுங்கள். பட்டியலில் பென்டிரைவ் இல்லையா? யூஎஸ்பி டிரைவர்தான் பிரச்சினை. பென்டிரைவ் இருந்தும் பெட்டி வருகிறதா? ஐஎஸ்ஓ பழுதாகியிருக்கலாம், அப்போது மறுபடி இறக்குவதில் அர்த்தம் உண்டு. என் டிவிடி டிரைவிலும் இதைச் செய்து பார்த்தேன், வாங்கிய பிறகு. டிவிடி பட்டியலில் இல்லை.

லேப்டாப்பில் ஒரு யூஎஸ்பி 2.0 போர்ட் இருந்தால் (உள்ளே பெரும்பாலும் கறுப்பாக இருக்கும், 3.0 நீலம்) ஆரம்பத்திலிருந்தே அதில் செருகுங்கள். சில லேப்டாப்புகளின் பயாஸில் எக்ஸ்ஹெச்சிஐ (xHCI) என்று யூஎஸ்பி 3.0-க்கான ஒரு அமைப்பு இருக்கும். அதை அணைத்தால் நீலப் போர்ட்டும் 2.0 போல நடந்துகொள்ளும். பழைய லேப்டாப் என்றால் வேலை இதோடு முடிந்தது.

2015-இல் வந்த இன்டெல் ஆறாம் தலைமுறை முதல் இந்தச் சலுகை இல்லை. போர்ட்டுகளை இயக்கும் பழைய 2.0 கன்ட்ரோலரையே எடுத்துவிட்டார்கள், எந்தப் போர்ட்டில் மாற்றிச் செருகினாலும் ஒன்றுதான். 3.0 டிரைவரை விண்டோஸின் டிஸம் (DISM) கருவி மூலம் பென்டிரைவில் உள்ள கோப்புகளுக்குள்ளேயே சேர்க்க வேண்டும். பூட்.விம்முக்குள் இரண்டு பிம்பங்கள் உண்டு, இன்ஸ்டால் வேலை ஓடுவது இரண்டாவதில். நான் முதலாவதில் மட்டும் சேர்த்துவிட்டு, ஓடவில்லை என்று டிரைவரைத் திட்டினேன். இரண்டிலும் சேருங்கள். டிஸ்க்கில் ஏறப்போகும் விண்டோஸ் இருக்கும் இன்ஸ்டால்.விம்மிலும், நீங்கள் போடப்போகும் பதிப்பில், சேருங்கள். அதை மறந்தால் இன்ஸ்டால் முடிந்து பெயர் கேட்கும் திரையில் யூஎஸ்பி மவுஸ் செத்துக் கிடக்கும். என்விஎம்இ (NVMe) என்ற புது வகை எஸ்எஸ்டி டிஸ்க் இருந்தால் கேபி2990941 (KB2990941) என்ற மைக்ரோசாஃப்ட் திருத்தத்தையும் கையோடு சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் சிடி பெட்டியைத் தாண்டிப் போய், டிஸ்க்கே காட்டவில்லை என்று நிற்பீர்கள்.

உங்கள் லேப்டாப் போர்டின் சிப்செட்டுக்கு 7-க்கான டிரைவர் வெளிவரவே இல்லையா? விட்டுவிடுங்கள். விர்ச்சுவல் மெஷினில் (இப்போதுள்ள விண்டோஸுக்குள் ஓடும் கற்பனைக் கம்ப்யூட்டரில்) 7-ஐப் போட்டு ஸ்கேனரை அதற்குள் இணைத்துக்கொள்ளலாம். தம்பிக்கும் கடைசியில் அதைத்தான் சொன்னேன்.

பென்டிரைவ் ஒரு வழி, டிஸ்க் ஒரு வழி

பூட் மெனுவில் ஒரே பென்டிரைவ் இரண்டு முறை தெரியலாம், ஒன்றின் முன்னால் யூஇஎஃப்ஐ (UEFI) என்று இருக்கும். அது புதிய பூட் முறை, மற்றது லெகஸி என்ற பழைய பயாஸ் முறை. டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரிக்க ஜிபிடி (GPT), எம்பிஆர் (MBR) என்று இரண்டு முறைகள் உண்டு. யூஇஎஃப்ஐ-யாகப் பூட் செய்தால் டிஸ்க் ஜிபிடி முறையில் இருக்க வேண்டும், லெகஸியாகப் பூட் செய்தால் எம்பிஆர். மாறினால் "இந்த டிஸ்க்கில் போட முடியாது" என்று நிற்கும். டிஸ்க் கெட்டுப்போகவில்லை. 7-க்கு லெகஸியே தொல்லை குறைவு. யூஇஎஃப்ஐ-தான் வேண்டும் என்றாலும் பயாஸில் சிஎஸ்எம்-ஐ (CSM, பழைய முறைகளுக்கு இடம் தரும் அமைப்பு) அணைக்காதீர்கள். 7 இன்னும் பழைய வீடியோ முறையைக் கேட்கும், சிஎஸ்எம் இல்லாவிட்டால் லோகோ பாதியில் உறைந்துவிடும்.

32 பிட் 7-ஐ யூஇஎஃப்ஐ-யில் முயல்வது

பூட் ஆகாது.

செக்யூர் பூட்டை அவசரமாக அணைப்பது

செக்யூர் பூட் என்பது நம்பகமான கையெழுத்து உள்ள விண்டோஸை மட்டும் பூட் செய்ய விடும் காவல். 7-க்கு அதை அணைத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் ஏற்கெனவே இருக்கும் விண்டோஸில் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். ஓடினால் பூட்டைத் திறக்கும் ரெக்கவரி கீயை வேறெங்காவது எழுதி வைத்துக்கொண்டு தொடுங்கள்.

டிஸ்க்பார்ட்டில் "கிளீன்"

"கிளீன்" ஒரு டிஸ்க்கையே காலி செய்யும் கட்டளை. எந்த டிஸ்க் என்று தேர்ந்தெடுக்கும்போது அதன் எண்ணை நம்பாதீர்கள், அளவைப் பாருங்கள். கேள்வி கேட்காமல் அழித்துவிடும்.

வைஃபை டிரைவரை அப்புறம் பார்க்கலாம் என்பது

7 ஏறியதும் வைஃபை இருக்காது, பல சமயம் கேபிளும் ஓடாது. டிரைவர்களை இன்னொரு பென்டிரைவில் வைத்திருக்கிறேன் என்பீர்கள். இன்ஸ்டால்.விம்மில் யூஎஸ்பி டிரைவரைச் சேர்க்க மறந்திருந்தால் அந்தப் பென்டிரைவும் தெரியாது. இன்ஸ்டால் தொடங்கும் முன்பே டிஸ்க்கில் தனிப் பகுதி ஒன்று ஒதுக்கி, டிரைவர்களை அங்கே போட்டு வையுங்கள், ஃபார்மட் செய்யும்போது அந்தப் பகுதியைத் தொடாமல்.