புது ஃபிலிம் ரோலை முதலில் சோதித்துப் பாருங்கள்

மாடல் விமானங்களுக்கு ஒட்டுகிற, சூட்டில் சுருங்கும் ஃபிலிமின் தரம் ஒரே பிராண்டிலேயே ரோலுக்கு ரோல் மாறலாம். அதனால் இறக்கையில் கை வைக்கும் முன், ஒரு துண்டை வெட்டி கழிவு பால்சா (லேசான மாடல் மரம்) துண்டில் சுமார் 110 டிகிரி செல்சியஸில் இஸ்திரி போட்டு, முழுசாக ஆறவிட்டு உரித்துப் பாருங்கள் (சூட்டோடு உரித்தால் நல்ல ஃபிலிம்கூட நிறத்தை விட்டுவிடும்). ஆறிய பிறகும் நிறமும் பசையும் மரத்திலேயே தங்கி, வெறும் கண்ணாடித் தாள் மட்டும் கையோடு வந்தால் ரோலைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அப்புறம் இன்னொரு துண்டை காலிச் சட்டத்தில் ஒட்டி ஹீட் கன் (சூடான காற்றை ஊதும் கருவி) காட்டுங்கள், 150 டிகிரிக்கு மேல் போனதும் ஃபிலிம் தானாகச் சுருங்கி விறைப்பாக நிற்க வேண்டும். ஒரு இறக்கையின் மேலுக்கும் கீழுக்கும் வேறு வேறு ஃபிலிம் மட்டும் போடாதீர்கள், சுருக்கம் ஒத்துப்போகாமல் இறக்கை முறுக்கிக்கொள்ளும்.